மூவர் நிற்கலாம், வாருங்கள்

(திருவண்ணாமலையில் வீடுகளை யாத்ரீகர்களுக்கு நாள் வாடகைக்கு விடும் அன்பர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அண்ணாமலையார் குடியிருக்கும் ஊரில் பெருமாள் கதையா என்று யாரும் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற தைரியத்தில் ஆரம்பிக்கிறேன். கதை நடந்த இடமும் நமக்கு அக்கம்பக்கம்தான். தென்பெண்ணைக் கரையில் இருக்கிற திருக்கோவலூர்.

ராத்திரி வேளை. கொட்டுகிற மழை. மிருகண்டு முனிவர் ஆசிரமத்து ரேழியில், இடைகழி என்பார்களே, அங்கே காஞ்சியிலிருந்து வந்த பொய்கையாழ்வார் படுத்திருக்கிறார். கடல்மல்லைப் பூதத்தாழ்வார் நனைந்தபடி வந்து, இடம் இருக்கிறதா என்று கேட்கிறார். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், வாருங்கள் என்கிறார் பொய்கையார். சற்று நேரத்தில் மயிலைப் பேயாழ்வார் வருகிறார். இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம், வாருங்கள். மூவரும் நிற்கிறார்கள். அப்புறம் நான்காவதாக ஒருவர் வந்து நெருக்குகிறார். கேட்காமல் கொள்ளாமல் உள்ளே நுழைந்தவர் பெருமாள் ஒருவர்தான்! முதல் மூன்று திருவந்தாதிகளும் ஆளுக்கு நூறு பாசுரமாகப் பிறந்தது அந்த நெருக்கடியில்தான் என்பார்கள் பெரியோர்.

பெருமாள் வந்ததைப் பற்றிப் பேச பெரிய உபன்யாசகர்கள் இருக்கிறார்கள். நான் அந்த வாசலில் நடந்த பேச்சை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மழையில் நிற்கிறவரிடம், தாராளமாக இடம் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். இடமே இல்லை என்று படுத்துக்கொண்டும் இருக்கலாம். இரண்டுமே பொய். இருக்கிற இடத்தின் அளவைச் சொன்னார்; கூடவே வாருங்கள் என்றும் சொன்னார். வந்தவரும், நிற்கத்தான் வேண்டும் என்று தெரிந்தே காலை உள்ளே வைத்தார். மூவரில் ஒருவராவது கால் வலிக்கிறது என்று சண்டைக்குப் போனதாகக் கதையில் இல்லை.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். 14 கிலோமீட்டர் மலை சுற்ற வருகிறவர்களுக்கு மாடியையோ பக்கத்துப் போர்ஷனையோ வாடகைக்கு விடுகிறோம். நல்ல காரியம்தான். ஆனால் செல்போனில் என்ன போடுகிறோம்? ‘கோயிலுக்கு 5 நிமிடம்.’ எந்த நாளில் 5 நிமிடம்? பௌர்ணமியன்று வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். தற்காலிகப் பேருந்து நிலையத்தில் இறங்கி, பெட்டி ஒரு கையில், பேரக்குழந்தை மறு கையில் என்று அந்தக் கூட்டத்தில் நடந்து வருகிறவரிடம் அந்த 5 நிமிடத்தைச் சொல்லிப் பாருங்கள்.

‘24 மணி நேரமும் வெந்நீர்.’ மாடியில் இருப்பது சோலார். கார்த்திகை மாதத்து மழையில் வெயில் முகமே காட்டாத நாளில் அது என்ன செய்யும், பாவம்? விடியற்காலை 4 மணிக்குப் பரணி தீபம். அதற்கு முன்னால் குளிக்க எழுந்த பாட்டி பச்சைத் தண்ணீரில் நடுங்குவார். ‘மொட்டை மாடியிலிருந்து மகா தீபம் தெரியும்.’ தெரிந்தது உண்மைதான், எதிர் மனைக்காரர் மூன்று மாடி எழுப்பும்வரை. படத்தைத்தான் நாம் இன்னும் மாற்றவில்லை. ராத்திரி 10 மணிக்கு கேட்டைப் பூட்டிவிடும் வீடுகளும் உண்டு. கிரிவலம் போனவர் விடியற்காலை 3 மணிக்கு வந்து யார் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்?

தீபத் திருவிழாவை ஒட்டி நம் ஊரில் மாட்டுச் சந்தை கூடுமே, அங்கேகூட வாங்குகிறவன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்த பிறகுதான் மடியிலிருந்து பணத்தை எடுக்கிறான். நம்மிடம் வருகிறவரோ பெங்களூரில் உட்கார்ந்து பணத்தைக் கட்டிவிட்டு, நம் பேச்சை மட்டுமே நம்பி பஸ் ஏறுகிறார். வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்கிறோம். ராத்திரி 11 மணிக்கு, ஊரெல்லாம் அறை நிரம்பிய பிறகு, லிஃப்ட் கிடையாது என்று சொன்னால் அவர் என்ன செய்ய முடியும்? பரவாயில்லை என்பார். அவர் வாயிலிருந்து வருவது சம்மதம் இல்லை அன்பர்களே, வேறு வழியில்லாமை.

விருந்தோம்பலுக்கு அடுத்த அதிகாரமாக இனியவை கூறலை வைத்தார் வள்ளுவர். அதைப் பிடித்துக்கொண்டு, விருந்தினரிடம் குறையைச் சொல்வது அழகா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அதிகாரத்தின் முதல் குறளைப் பாருங்கள். இன்சொல்லில் அன்பு கலந்திருக்க வேண்டும், வஞ்சனை இருக்கக் கூடாது என்று அங்கேயே நிபந்தனை போட்டுவிட்டார்.

சொன்னால் வருவார்களா என்ற பயம் நியாயமானது. சிலர் வரமாட்டார்கள். மூன்றாவது மாடி, படி மட்டும்தான் என்று படித்ததும் முழங்கால் வலிக்காரர் வேறு இடம் பார்ப்பார். ஒரு நாள் வாடகை போகும். போகட்டும், அவர் முழங்காலை வாங்கி நாம் என்ன செய்யப்போகிறோம்? அதற்காகக் குறையை மட்டும் பாடச் சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்தால் மலை தெரிகிறதா, அதை முதலில் போடுங்கள். அடுத்த வரியிலேயே போர் தண்ணீர் உப்பு என்பதையும் போடுங்கள்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். படி எத்தனை, கழிப்பறை எப்படிப்பட்டது, கேட் எப்போது பூட்டுவீர்கள், பக்கத்துக் கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கி எத்தனை மணிக்கு ஓயும், பௌர்ணமியன்று எங்கிருந்து நடக்க வேண்டும், இத்தனையையும் நாலு வரியில் எழுதிவிடுங்கள். பணம் கட்டச் சொல்லும் இடத்துக்கு மேலே எழுதுங்கள், கீழே வேண்டாம்.