தூண்டிலும் தோழமையும்

உழைக்கும் நேரத்தில் நம்மை ஏவுவோர் பலர். முதலாளியும் கடிகாரமும் வயிறும் மாறி மாறி நம்மை நடத்துகின்றன. ஓய்வு நேரத்திலோ நம்மை ஏவுவோர் நாமே. ஆதலின் அந்நேரத்தில் நாம் செய்யும் செயலுக்குப் பிறரைப் பொறுப்பாக்க இயலாது. ஒருவனுடைய உள்ளத்தின் தரத்தை அறிய வேண்டுமாயின், அவன் வேலையைப் பார்ப்பதினும் விளையாட்டைப் பார்ப்பதே தக்கது. 'விளையாட்டுத்தானே!' என்று நாம் தள்ளிவிடும் செயல்களை ஆராயப் புகுவதற்கு இதுவே காரணம்.

அத்தகைய செயல்களுள் ஒன்று மீன்பிடிப் போட்டி. பினாங்குத் தீவுக்கு எதிரே, பெருநிலத்தில், செபராங் பிறையின் வட பகுதியில் இருப்பது கெப்பாலா பத்தாஸ். வயலும் வாய்க்காலும் சூழ்ந்த வட்டாரம். அதற்கு வடக்கே சுங்கை மூடா ஆறு கெடா மாநிலத்துக்கு எல்லையாக ஓடுகின்றது. இத்தகைய ஊர்ப்புறங்களில் பணம் செலுத்தித் தூண்டிலிடும் குளங்கள் இக்காலத்தில் உண்டு. பள்ளி விடுமுறை வந்தால் நண்பர் நால்வர் ஐவர் கூடிக் குளக்கரையில் அமர்கின்றனர். கெண்டையே குறி. கனமான கெண்டையைப் பிடித்தவன் வென்றவன். தோற்றவர்கள் சிற்றுண்டிச் செலவை ஏற்பர். பிடிபட்ட மீன் நிறுக்கப்பட்டுப் பெரும்பாலும் மறுபடியும் நீருக்கே போய்ச் சேரும். இதில் யாருக்கு என்ன தீங்கு என்று நண்பர்கள் கேட்பர்.

அவர்கள் பக்கத்து நியாயத்தை முதலில் கூறுவோம். வாரம் முழுதும் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் வாடியவனுக்கு நீர்க்கரையின் அமைதி ஒரு மருந்து. குளத்திலே சீனர் தம் நாட்டிலிருந்து கொணர்ந்து வளர்த்த புல்கெண்டையும், இந்திய ஆறுகளுக்குரிய ரோகுவும், மலாய் மக்கள் விரும்பும் லம்பாமும் ஒன்றாக நீந்துகின்றன. இவை யாவும் கெண்டைக் குலத்தைச் சேர்ந்தவையே. கரையிலும் அவ்வாறே மூவினத்தாரும் அருகருகே அமர்ந்து இரையைப் பகிர்ந்துகொள்கின்றனர். 1653-ல் ஐசக் வால்டன் என்னும் ஆங்கிலேயர் தூண்டிற் கலையைப் பற்றி எழுதிய நூல் இன்றும் படிக்கப்படுவது, அதில் மீனைப் பற்றிய செய்தியோடு பொறுமையும் நட்பும் கலந்திருப்பதனாலன்றோ? இவற்றை நாம் மறுக்கவில்லை.

நிற்க. தோட்டத்து வாழ்வை அறிந்த நேயர்களுக்கு மற்றொரு மீன்பிடிப்பும் நினைவில் இருக்கும். சம்பளம் தீர்ந்த வாரத்தில், லயத்துப் பிள்ளைகள் மூங்கிற் கழியும் மண்புழுவும் கொண்டு வாய்க்காலுக்குச் செல்வர். விரால், கெளுத்தி, பனையேறிக் கெண்டை என்று கிடைத்தது எதுவோ அது அன்றிரவு குழம்பாயிற்று. சட்டி நிறைந்தால் தூண்டில் சுருட்டப்பட்டது. அந்த மீன்களும் பின்னர் அருகின. கெடாச் சமவெளியில் மூடா நீர்ப்பாசனத் திட்டம் 1970-ல் நிறைவுற்றபின், ஆண்டுக்கு இருபோகம் விளைந்தது, நெல் பெருகிற்று. ஆயின் வயல் காயும் காலம் மாறியதாலும் பூச்சிமருந்தாலும் வயல்மீன் குறைந்தது. ஏழையின் வாய்க்காலில் இலவசமாகக் கிடைத்த மீன் அரிதாக, பணம் கட்டுவோரின் குளத்தில் மீன் விளையாட்டுப் பொருளாயிற்று.

இவ்விரண்டு தூண்டில்களுக்கும் வேற்றுமை யாது? முள் ஒன்றே, மீன் படும் துன்பமும் ஒன்றே. எனினும் பசிக்கு ஓர் அளவுண்டு. வயிறு 'போதும்' என்று சொல்லும். வெற்றிக்கு அவ்வாறு சொல்லும் வாய் இல்லை. மூன்று கிலோ மீனைப் பிடித்தவன் நான்கு கிலோவுக்கு ஏங்குகின்றான். நண்பன் நான்கு பிடித்தால் அவனுக்கு ஐந்து வேண்டும். பசிக்காகப் பிடிப்பவன் மீனின் துன்பத்தை ஒரு தேவைக்கு விலையாகக் கொடுக்கின்றான். விளையாட்டுக்காகப் பிடிப்பவனோ, உயிருக்காகப் போராடும் மீனின் துடிப்பையே இன்பமாக நுகர்கின்றான். மீன் இழுக்காமல் வந்தால் அவனுக்குச் சுவை இல்லையே!

'மீனுக்கு நோவு தெரியாது' என்பர் சிலர். தெரியாது என்று துணிந்து சொல்ல இன்று இடமில்லை. 2003-ல் ஸ்காட்லாந்தில் நடந்த ஓர் ஆராய்ச்சியில், ட்ரௌட் என்னும் மீனின் முகத்திலும் உதட்டிலும் நோவூட்டும் பொருள்களை உணரும் நரம்பு முனைகள் இருப்பது கண்டறியப்பட்டது. உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் உதட்டைக் கற்களில் தேய்த்தன. இரையெடுக்கவும் நெடுநேரம் தயங்கின. அவ்வுணர்ச்சி நம்முடைய நோவை ஒத்ததா என்பதில் அறிஞரிடையே வாதம் உண்டு. கெண்டையைப் பற்றிய செய்தி அதனினும் நேரானது. நெதர்லாந்து நாட்டில் நடந்து 1970-ல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, ஒரே ஒருமுறை தூண்டிலில் அகப்பட்ட கெண்டை பின்னர் நெடுங்காலம் எளிதில் அகப்படுவதில்லை என்று காட்டிற்று. மறக்க முடியாதபடி அதற்கு ஏதோ நேர்ந்திருக்கின்றது. சாதாக் கெண்டையின் வாயோரத்திலுள்ள இரண்டு இணை மீசைகளும் சுவையறியும் உறுப்புகள். சேற்றைத் துழாவி உணவை அறியும் அந்த வாயிலேதான் முள் தைக்கின்றது. ஐயம் உள்ள இடத்தில் அதன் பயனை வலியவனுக்கா, எளியவனுக்கா அளிப்பது? நீதிமன்றத்தில் நாம் எளியவனுக்கு அளிக்கின்றோம். குளக்கரையில் மட்டும் ஏன் மாற்ற வேண்டும்?

'நாங்கள் கொல்வதில்லை, மீண்டும் விட்டுவிடுகின்றோமே' என்பது அடுத்த வாதம். இதுவே கருணையின் வேடமிட்டு வருவதால் கூர்ந்து நோக்கத்தக்கது. நாகைப்பட்டினத்துப் பரதவராகிய அதிபத்த நாயனாரின் கதையை நம்மவர் பலரும் அறிவர். நாள்தோறும் தம் வலையில் படும் மீனில் ஒன்றை இறைவனுக்கென்று கடலில் விட்டவர் அவர். ஒரே ஒரு மீன் கிடைத்த நாட்களிலும் அதையே விட்டார். வீடு பட்டினி கிடந்தது. கதையின் சமயக் கருத்தை ஏற்பாரும் ஏலாரும் இதை ஒப்புவர்: அவர் விட்டது, அவருக்கு இழப்பு. போட்டியாளன் விடும் மீனால் அவனுக்கு என்ன இழப்பு? எடை குறித்தாயிற்று, படமும் எடுத்தாயிற்று, அவன் வேண்டியது யாவும் கிடைத்தபின் மிஞ்சியதை நீரில் போடுகின்றான். அன்றியும் நம் நாட்டு வெப்பநீரில் உயிர்வளி குறைவாகவே கரைந்திருக்கும். போராடிக் களைத்து, கரையில் கிடந்து, வலைப்பையில் நெருங்கியிருந்த மீன் அந்நீரில் தேறுவது எளிதன்று. சுவிட்சர்லாந்து நாட்டார் 2008-ல் வகுத்த பிராணிப் பாதுகாப்பு விதிகளில், விட்டுவிடும் நோக்கத்தோடே மீன் பிடிப்பதைத் தடுத்தனர். உண்ணப் பிடிப்பதை அவர்கள் தடுக்கவில்லை. நாம் கூறும் வேற்றுமையையே அந்நாட்டுச் சட்டமும் கண்டது.

'நீர் சந்தையில் மீன் வாங்கவில்லையா?' என்று கேட்பார்க்கு நேர்மையாக மறுமொழி கூற வேண்டும். வாங்குகின்றோம். வலையில் மூச்சடங்கிய அந்த மீன் தூண்டில் மீனினும் மிகுதியாகத் துன்புற்றிருக்கலாம். திருக்குறளின் புலால் மறுத்தலையும் கொல்லாமையையும் முற்றக் கைக்கொண்டாரை வணங்குகின்றோம். அவர்கள்முன் நம்மைத் தூயவர் என்று கூறோம். ஆயினும் ஒரு குறை நம்மிடம் இருப்பது, மற்றொன்றைச் சேர்த்துக்கொள்ள உரிமைச் சீட்டு ஆகாது. உணவுக்காக உண்டாகும் துன்பத்தைக் குறைக்க நாம் வழி தேடலாம். வேடிக்கைக்காக உண்டாக்கும் துன்பத்தையோ இன்றே நிறுத்தலாம். நிறுத்தினால் எவன் வீட்டு உலையும் அணைந்துபோகாது.

இனிப் பந்தயத்தின் செய்தி. சிற்றுண்டியில் தொடங்குவது பணத்தில் முடிவதை நாம் கண்டிருக்கின்றோம். ஆளுக்கு இவ்வளவு என்று போட்ட பணத்தையே வென்றவனுக்குப் பரிசாகக் கொடுப்பது சூதின்பாற்படும் என்று இசுலாமிய அறிஞர்கள் கூறுவர். வள்ளுவரும் சூது என்னும் அதிகாரத்தில், சூதாடி அடையும் வெற்றியை மீன் விழுங்கிய தூண்டில் முள்ளுக்கே ஒப்பிட்டார். கரையில் இருப்பவனும் அகப்பட்டவனாகிவிடுகின்றான் என்பதன்றோ இதன் கருத்து? நட்புக்காகக் கூடியவர்கள் எடைத்தட்டின்முன் சச்சரவிட்டுப் பிரிவராயின், அன்று இழந்தது மீன் மட்டுமன்று.

ஆதலின் நம் இளைஞர்களுக்குக் கூறுவது இது. விடுமுறையில் கூடுங்கள், குளக்கரைக்கும் செல்லுங்கள். பிடிப்பதாயின் உண்ணும் அளவுக்குப் பிடியுங்கள். பிடித்ததைத் துடிக்க விடாது விரைவில் முடித்து, இன வேற்றுமை பாராது எல்லோரும் உண்ணத்தக்க முறையில் சமைத்துப் பகிருங்கள். அளவு வந்ததும் தூண்டிலைச் சுருட்டுங்கள். எடைத்தட்டையும் பந்தயப் பணத்தையும் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். குளத்தில் வளர்த்த அயல்நாட்டு மீனை இரக்கப்பட்டு ஆற்றில் விடாதீர்கள். அது ஆற்றின் சொந்த மீன்களுக்குப் பகையாகலாம். பிடிக்க மனம் இல்லாதவன் வெறுங்கையோடு அமர்ந்திருந்தால் அவனை நகையாதீர்கள்.

உங்கள் அருகில் உங்கள் பிள்ளைகள் அமர்ந்து பார்க்கின்றனர். துடிக்கும் உயிரைக் கண்டு கைகொட்டப் பழகுகின்றனரா, உணவுக்கு ஓர் உயிர் விலையாகின்றது என்பதை உணர்ந்து அளவோடு உண்ணப் பழகுகின்றனரா என்பது நீங்கள் அன்று செய்வதைப் பொறுத்தது. தோட்டம் விட்டு நகரம் வந்த நம் குடிகள், வறுமையில் கற்ற அந்த அளவை வசதி வந்த நாளிலும் மறவாதிருப்பார்களாக!