இதயம் தாங்குமா?

செகந்திராபாத்தை அடுத்த லாலாகுடா, ரயில்வேயால் வளர்ந்த ஊர். நிஜாம் காலத்தில், 1893ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ரயில் பெட்டிப் பணிமனையும், தென்மத்திய ரயில்வேயின் மத்திய மருத்துவமனையும் அங்குள்ளன. அப்பணிமனையில் உழைத்து ஓய்வுபெற்ற ஒரு முதியவரை எண்ணிப் பார்ப்போம். இதயக் குழாய் அடைப்புக்காக ஸ்டென்ட் பொருத்திக்கொண்டவர். இப்போது அவருக்குப் புற்றுநோயும் இருப்பதாகத் தெரிகிறது. அறிக்கையைக் கையில் வாங்கிய மகன், "அப்பாவிடம் சொல்ல வேண்டாம், டாக்டர். அவர் இதயம் தாங்காது" என்கிறார்.

இவ்வேண்டுகோளில் அன்பு இருக்கிறது, ஐயமில்லை. ஆயினும் அது அறமாகுமா?

இரு நோய்கள் ஓருடலில் சேரும்போது, ஒன்றின் மருந்தே மற்றொன்றுக்குப் பகையாகக்கூடும். ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாதிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரைகளை உண்கிறார். கீமோதெரபியோ ரத்தத் தட்டணுக்களைக் குறைத்துவிடுகிறது. இரண்டும் கூடினால் ரத்தக்கசிவு அபாயம். டாக்ஸோரூபிசின் என்னும் செந்நிற மருந்து பலவகைப் புற்றுகளை அடக்கவல்லது. ஆனால் இதயத் தசையை நலிவிக்கவும் கூடியது. மொத்த அளவு ஏற ஏறத் தீங்கும் ஏறுவதால், ஒருவர் வாழ்நாளில் பெறத்தக்க அளவுக்கே வரம்பு வகுத்துள்ளனர். அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா என்று இதய மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் கூடி முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. இதற்கென்றே ஒரு துறை வளர்ந்து, ஐரோப்பிய இதயவியல் கழகம் 2022இல் விரிவான நெறிமுறைகளை வெளியிட்டது.

எக்கோ கருவி எத்தனை முறை பார்த்தாலும், படுத்தால் மூச்சு முட்டுவதையும் மாலையில் கால் வீங்குவதையும் முதலில் உணர்பவர் நோயாளியே. தமக்கு ஏற்றப்படும் மருந்து எதுவென்றே அறியாதவர், 'வயதாகிவிட்டது' என்று அவற்றைச் சொல்லாமலே இருந்துவிடுவார். பழுதுள்ள பாதையில் செல்லும் ரயில் ஓட்டுநருக்குக் காஷன் ஆர்டர் கொடுப்பது அவரை அச்சுறுத்தவா? ரயில்வேயில் உழைத்த அம்முதியவருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் கருதி மருத்துவம் செய்க என்பது வள்ளுவர் கருத்து. அம்மூன்றில் நோயாளியின் நிலையை அவரையன்றி யார் முழுதும் சொல்ல இயலும்?

ரமண மகரிஷியின் இடக்கையில் தோன்றிய புற்றுக்கு 1949இல் நான்கு முறை அறுவை நடந்தது. கையையே நீக்கிவிடும் யோசனையை அவர் ஏற்கவில்லை. மற்ற சிகிச்சைகளைத் தடுக்கவும் இல்லை. உடலைப் பெரிதாக எண்ணாத அவரும் தம் உடலுக்கு நேர்ந்ததை அறிந்தே இருந்தார்.

உண்மையை ஒரே மூச்சில் கொட்டிவிட வேண்டும் என்பதன்று. கேட்கும் அளவுக்குச் சொல்லலாம். மறுநாள் மேலும் சொல்லலாம். "விவரமெல்லாம் மகனிடம் சொல்லுங்கள், எனக்கு வேண்டாம்" என்பவரும் உண்டு. அதையும் மதிக்கத்தான் வேண்டும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் தந்தை. அவருக்காக மகன் முன்கூட்டியே சொல்லிவிடுவது வேறு.

மகன் தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். தந்தை சற்று நேரம் பேசவில்லை. பிறகு மருத்துவரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறார்: அடுத்த முறை மருந்து ஏற்றும் நாளில் பேத்தியின் திருமணம் வருகிறது, ஒரு வாரம் தள்ள முடியுமா? மருத்துவர் நாட்காட்டியைப் புரட்டுகிறார்.