வீடு யாருக்காக?

முதுமையில் நோய் வந்தால் வீடு கைவிட்டுப் போய்விடுமே என்று அஞ்சி, நடமாடும்போதே பிள்ளை பேரில் நன்கொடை உறுதி முடிக்கும் பெற்றோர் நம்மிடையே பலர். சீவிய உரித்தை வைத்துக்கொண்டால் சாகும்வரை அங்கே இருக்கலாம். ஆனால், படுக்கையில் விழுந்தபின் பராமரிப்பாளருக்குக் கூலி கொடுக்க வீட்டை விற்கும் உரித்து பிள்ளையிடம் போய்விட்டது.

சட்டம் உண்டுதான். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பராமரிப்புச் சபையிடம் பிள்ளைமீது முறையிடலாம். 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி, பாரிய நன்றிகேட்டைக் காட்டி மாவட்ட நீதிமன்றில் உறுதியை இரத்துச் செய்விக்கலாம். எழுந்திருக்கமாட்டாத தாய் பெற்ற பிள்ளைக்கெதிராகக் கோட்டுப்படி ஏறுவாளா?

வீடு மிஞ்சட்டுமென்று அவள் மருந்தைக் குறைப்பதைத் தியாகம் என்கிறோம். கண்டும் வாளாவிருக்கும் பிள்ளையை என்னவென்பது? உறுதிக்கு அவசரப்படும் பெற்றோர் ஒரு துண்டுக் காணியையாவது தம் பேரில் வைத்திருக்கட்டும். அதைப் பிள்ளைகளே எடுத்துச் சொல்லட்டும்.