உண்ணும் உணவும் உள்ளத் தெளிவும்

கோயிலுக்கு வரும் அடியார்கள் பலரும் அடிக்கடி சொல்லும் ஒரு குறை உண்டு. "கும்பிடத்தான் வருகிறோம், ஆனால் மனம் ஒருவழிப்படுகுதில்லை" என்பதே அது. இதற்குக் காரணத்தை நாம் மனத்திலேயே தேடுகிறோம். கவலை என்கிறோம், கிரகபலன் என்கிறோம், வினைப்பயன் என்கிறோம். நேற்றிரவு என்ன உண்டோம், எத்தனை மணிக்கு உண்டோம், உண்டது செமித்ததா என்று எவரும் கேட்பதில்லை. வயிறு வேறு, மனம் வேறு என்பது எங்கள் எண்ணம்.

உள்ளத்தின் தெளிவு உணவிலே தங்கியிருக்கிறதா? தங்கியிருக்கிறது என்றால், எமது வயிற்றைக் குறித்து எமக்குள்ள கடமை யாது? அயலவன் வயிற்றைக் குறித்த கடமை யாது? இவ்வினாக்களைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுவேதகேதுவின் பதினைந்து நாட்கள்

இவ்வினாவை எமது முன்னோர் மிகப் பழைய காலத்திலேயே எழுப்பியுள்ளனர். சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயத்தில் உத்தாலகர் என்ற தந்தையும் சுவேதகேது என்ற மகனும் உரையாடுகின்றனர். பன்னிரண்டு ஆண்டுகள் வேதம் பயின்று, கற்றுவிட்டோம் என்ற செருக்கோடு வீடு திரும்பியவன் சுவேதகேது. உண்ட உணவின் பருமையான பகுதி மலமாகிறது, நடுப்பகுதி தசையாகிறது, நுண்மையான பகுதி மனமாகிறது என்று தந்தை அவனுக்குச் சொல்கிறார். மகனுக்கு அது விளங்கவில்லை.

உடனே தந்தை ஒரு சோதனையைச் செய்விக்கிறார். பதினைந்து நாட்கள் உணவை விட்டு நீரை மட்டும் பருகியிருக்கும்படி பணிக்கிறார். மகனும் அவ்வாறே இருந்து, பதினாறாம் நாள் தந்தையிடம் வருகிறான். வேதத்தை ஓதும்படி தந்தை கேட்கிறார். பன்னிரண்டு ஆண்டுகள் ஓதியவனுக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பெருநெருப்பு அணைந்து மின்மினிப் பூச்சியளவு தணல் மட்டும் எஞ்சியிருந்தால் அது எதை எரிக்கும் என்று உவமை காட்டி, போய் உண்டுவிட்டு வா என்கிறார் தந்தை. உண்டு வந்த மகன் கேட்டதற்கெல்லாம் விடை சொல்கிறான்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. மகன் கற்ற வேதம் எங்கும் போய்விடவில்லை. அது உள்ளேதான் இருந்தது, எழுந்து வரத்தான் பலமில்லை. அடுத்தது, மறந்துபோனாயே என்று தந்தை மகனைக் கடிந்துகொள்ளவில்லை. சாப்பிட்டுவிட்டு வா என்றுதான் சொன்னார். இந்த இரண்டாவது செய்தியைப் பின்னர் மீண்டும் பார்ப்போம்.

இரைப்பைக்குள்ளே பார்த்த வைத்தியர்

உணவு மனத்தைப் பாதிப்பது போலவே மனமும் வயிற்றைப் பாதிக்கிறது. 1822ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மக்கினாக் தீவிலே அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்ற இளைஞன் துப்பாக்கிச் சூட்டுக்கு ஆளானான். உயிர் பிழைத்தான். ஆனால் வயிற்றுக் காயம் முழுதாக மூடாமல் இரைப்பைக்குள் ஒரு துவாரமாகவே நிலைத்துவிட்டது. அவனுக்கு வைத்தியம் செய்த வில்லியம் போமன்ற் அந்தத் துவாரத்தின் வழியே உணவு சமிபாடடையும் விதத்தைப் பல ஆண்டுகள் கவனித்து, 1833இல் நூலாக வெளியிட்டார். கோபமும் அச்சமும் அவனுக்கு ஏற்பட்ட வேளைகளில் இரைப்பையின் உட்சுவர் நிறம் மாறியதையும் சமிபாடு குழம்பியதையும் அவர் தம் கண்ணாலேயே கண்டார். கோபத்தோடு உண்ணாதே என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவந்ததற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இன்றைய விஞ்ஞானம் மேலும் சொல்கிறது. எமது உணவுக்கால்வாயின் சுவரிலே 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்புக் கலங்கள் உள்ளன. வயிற்றையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளிற் பெரும்பாலானவை வயிற்றிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு செல்பவை. மூளை வயிற்றுக்கு இடும் கட்டளையிலும் வயிறு மூளைக்கு அனுப்பும் செய்தியே அதிகம். மனநிலையோடு தொடர்புடைய செரொட்டோனின் என்ற பதார்த்தத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் குடலிலேயே உண்டாகிறது. குடலில் உண்டானது நேராக மூளைக்குள் புகுவதில்லை எனினும், குடலின் இயக்கத்தையும் அங்குள்ள நரம்புகளையும் அது ஆளுகிறது.

உள்ளே குடியிருக்கும் கோடானுகோடி

எமது உடம்பிலே அண்ணளவாக 38 இலட்சம் கோடி பற்றீரியாக்கள் வாழ்கின்றன என 2016இல் விஞ்ஞானிகள் மதிப்பிட்டனர். அவற்றிற் பெரும்பகுதி பெருங்குடலில் உள்ளது. நாம் சமிக்கச் செய்யமுடியாத நார்ப்பொருளை இந்த நுண்ணங்கிகள் உண்டு, குடற்சுவரின் கலங்களுக்கு உணவாகும் அமிலங்களை ஆக்கித் தருகின்றன. 2004இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நுண்ணங்கி எதுவுமின்றி வளர்க்கப்பட்ட எலிகளை ஆராய்ந்தனர். சாதாரண எலிகளை விட அவை நெருக்கடியின்போது மிகையாகக் கலங்கின. இளவயதிலேயே நல்ல பற்றீரியா ஒன்றைக் கொடுத்தபோது அக்கலக்கம் தணிந்தது. எலிக்குக் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாது. மனிதரில் இது பற்றிய ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆயினும் வயிற்றுக்கும் மனத்துக்கும் இடையே வழி திறந்திருக்கிறது என்பதில் ஐயமில்லை.

இந்த அறிவோடு எங்கள் ஊர் அடுக்களையைச் சற்று எண்ணிப் பாருங்கள். தவிடு போகாத சிவப்பரிசிச் சோறு, குரக்கன் பிட்டு, ஒடியற் கூழ், முருங்கையிலை, வல்லாரைச் சம்பல், வாழைப்பொத்தி, பயற்றங்காய், மோர். இவற்றிற் பல நார்ப்பொருள் நிறைந்தவை. காலையிலே உண்ட பழஞ்சோற்றிலும் பொருள் உண்டு. சோறு ஆறும்போது அதன் மாப்பொருளில் ஒரு பகுதி எளிதிற் சமிக்காத வடிவத்துக்கு மாறிப் பெருங்குடலுக்குச் சென்று அங்குள்ள நுண்ணங்கிகளுக்கு உணவாகிறது. இரவு நீரில் ஊறும்போது புளிப்பை உண்டாக்கும் நல்ல பற்றீரியாவும் அதிற் பெருகுகிறது. இதை ஏழையின் உணவென்று ஒதுக்கிவிட்டு, வெள்ளைப் பாணையும் பொதியில் அடைத்த தின்பண்டங்களையும் இனிப்புப் பானங்களையும் நாகரிகமென்று பிள்ளைகளுக்குப் பழக்கியவர்கள் நாங்களே.

மனம் வயிற்றுக்கு அடிமையா?

இவ்விடத்தில் ஒரு சிக்கல் எழுகிறது. மனம் இவ்வளவுக்கு வயிற்றிலே தங்கியிருந்தால், என் கோபத்துக்கு என் குடலே பொறுப்பு என்று ஒருவர் சொல்லித் தப்பிவிடலாமா? அப்படியானால் அறத்துக்கு இடமேது?

இதற்கு விடையை எமது வாழ்விலிருந்தே எடுக்கலாம். 1990ஆம் ஆண்டு ஆனி மாதம் போர் மீண்டும் மூண்டபோது தெல்லிப்பழையும் வலிகாமம் வடக்கின் ஏனைய ஊர்களும் இடம்பெயர்ந்தன. மல்லாகம், சுன்னாகம் முதலிய இடங்களின் நலன்புரி முகாம்களிலே பலர் 20 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தனர். நிவாரண அரிசியும் கோதுமை மாவும் பருப்புமே அன்று பலருடைய உணவு. அந்த நாட்களில் பசியால் வாய்த்தர்க்கம் மிகுந்ததும் உண்மை, அதே பசியோடு பக்கத்துக் கொட்டிலுக்கு ஒரு சுண்டு அரிசி கொடுத்தனுப்பிய தாய்மார் இருந்ததும் உண்மை. பசி இருவருக்கும் ஒன்றே. செய்கை வேறாயிற்று.

உடம்பும் மனமும் உயிருக்குக் கிடைத்த கருவிகள் என்பது சைவசித்தாந்தம். கருவி மழுங்கினால் வேலை கடினமாகும். ஆனால் வேலை செய்பவன் கருவி அல்லன். ஆகவே வயிற்றைச் சாட்டி எம் குற்றத்தை நாமே மன்னித்துக்கொள்வது முறையாகாது. அதேவேளை பிறர் குற்றத்தைத் தீர்ப்பிடும்போது அவர் வயிற்றை எண்ணிப்பார்ப்பது கடமையாகும். தன்னை அளக்கும் கோலும் பிறரை அளக்கும் கோலும் இங்கே வேறுபட வேண்டும்.

நோயாளரைக் குறித்தும் அவதானம் வேண்டும். குடற்புண் கவலையாலும் காரத்தாலும் வருவதென்று உலகம் நீண்டகாலம் நம்பியிருந்தது. அவுஸ்திரேலிய வைத்தியர் பரி மார்சல், அதன் பெருங்காரணம் ஒரு பற்றீரியா என்று காட்டுவதற்காக 1984இல் அதைத் தாமே பருகி நோய்ப்பட்டார். 2005இல் அவருக்கும் ரொபின் வொறனுக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அதுவரை எத்தனை நோயாளர்கள் "நீ வீணாகக் கவலைப்படுவதால்தான் இது" என்ற பழியைச் சுமந்திருப்பார்கள்? அதுபோலவே இன்று மனச்சோர்வுற்ற ஒருவரிடம் சாப்பாட்டைத் திருத்தினாற் சரியாகிவிடும் என்று சொல்லி வைத்தியரிடம் போகவிடாமல் மறிப்பதும் தவறாகும். நல்லுணவு துணை செய்யும். மருந்தின் இடத்தை அது பிடிக்காது.

விரதமும் அளவும்

விரதம் வயிற்றைத் தண்டிப்பதற்கு அன்று. அதிகம் உண்பவனுக்கும் யோகம் கைகூடாது, அறவே உண்ணாதவனுக்கும் கைகூடாது என்பது கீதையின் ஆறாம் அத்தியாயத்துக் கருத்து. திருவள்ளுவர் மருந்து என்ற அதிகாரத்திலே முன் உண்டது அற்றதறிந்து அளவோடு உண்பதையே பெரிதும் வற்புறுத்துகிறார். கந்தசஷ்டியில் ஆறு நாள் அடங்கியிருந்துவிட்டுப் பாரணையன்று வயிறு முட்ட உண்பவர், ஆறு நாளிற் பெற்றதை ஒரு பொழுதில் இழக்கிறார். சலரோகம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் நாளாந்தம் மருந்து எடுப்பவர்களும் வைத்தியரைக் கேளாமல் பட்டினி விரதம் இருத்தல் கூடாது. மருந்தை நிறுத்தி நோற்கும் விரதத்தை எந்தத் தெய்வமும் கேட்கவில்லை.

அயலவன் வயிறு

பசியைப் பிணி என்றே கூறியது எமது மரபு. மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் எமது நயினாதீவே என்பர் பலர். உண்ண உண்ண அடங்காத யானைத்தீ என்னும் நோயால் வருந்திய காயசண்டிகையின் துயரை அப்பாத்திரத்து உணவே தீர்த்தது. எங்கள் தெல்லிப்பழையில், 2008இல் அமரரான சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் துர்க்காதேவி தேவஸ்தானத்தோடு ஒரு மகளிர் இல்லத்தையும் வளர்த்தெடுத்தார். ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு உணவும் உறைவிடமும் கல்வியும் ஒரு கோயிலின் கடமைகளே என்று செய்து காட்டியவர் அவர்.

உத்தாலகரை மீண்டும் நினைப்போம். பாடம் நினைவில்லை என்ற மகனை அவர் உண்ண அனுப்பினார். எங்கள் ஊர்ப் பாடசாலையிலே பின்வாங்கிலிருந்து தூங்கும் பிள்ளையிடம், "காலமை சாப்பிட்டனியோ?" என்று முதலில் கேட்போமா? சின்னச் சொல்லுக்கும் சினக்கும் முதியவருக்குப் பல நாளாக மலச்சிக்கலோ, தனியே சமைத்துண்ண மனமில்லாமையோ காரணமாயிருக்கலாம் என்று எண்ணுவோமா? பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்க, தேநீரோடும் பிஸ்கற்றோடும் இரவைக் கழிக்கும் பெற்றோர் எம்மிடையே பலர். அவர்களுக்குக் காசு வருகிறது. கூட இருந்து உண்ண ஆளில்லை.

எமது கோயில் அன்னதானத்துக்கும் இங்கே வேலையுண்டு. இலையிலே சிவப்பரிசிச் சோறும் ஒரு கீரைக்கறியும் மோரும் இடம்பெறட்டும். பந்திக்கு வரமுடியாத முதியவருக்கு ஒரு பார்சல் வீட்டுக்குப் போகட்டும். கொண்டுபோகும் பிள்ளை பத்து நிமிடம் பக்கத்தில் இருந்து அவர் உண்பதைப் பார்த்துவிட்டு வரட்டும். மூலஸ்தானத்திலே படைக்கும் நைவேத்தியமும் இதுவும் ஒரே வழிபாட்டின் இரு பகுதிகளே.

ஒவ்வொருவர் வயிற்றிலும் உணவைச் சமிக்கச்செய்யும் தீயாய்த் தானே இருப்பதாகக் கீதையின் பதினைந்தாம் அத்தியாயத்திலே பகவான் அருளுகின்றார். அத்தீயை எம்முள்ளே அளவோடு பேணுவோம், அயலார் வயிற்றிலும் அது அணைந்துபோகாமற் காப்போம். அதற்கான நல்லறிவையும் நல்மனத்தையும் எல்லோருக்கும் அருளுமாறு எல்லாம் வல்ல அன்னையின் திருவடிகளைப் பணிகின்றேன்.

சுபம்.