சும்மாதான் கேட்டேன்

"சும்மாதான் கேட்டேன்" என்று ஒரு சொற்றொடர் நம் பேச்சு வழக்கில் உண்டு. உங்களுக்குப் பிடித்த நிறம் எது? சிறு வயதில் விரும்பித் தின்ற பண்டம் எது? முதன்முதலில் பார்த்த திரைப்படம் எது, யாரோடு போய்ப் பார்த்தீர்கள்? மழை பிடிக்குமா, வெயில் பிடிக்குமா? இவற்றின் விடையால் கேட்பவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆகவேதான் கேட்டுவிட்டு, கேட்டதற்காகத் தாமே நாணுபவர் போல் "சும்மாதான் கேட்டேன்" என்று சேர்த்துக்கொள்கிறார். கேட்கப்பட்டவரோ சற்று நெளிகிறார். "எனக்கென்ன, எதுவானாலும் சரிதான்" என்று நழுவப் பார்க்கிறார். இந்த நெளிவு ஏன்? இத்தகைய இலேசான வினாக்களுக்கு மெய்யாக விடையளிக்கும் கடமை நமக்கு உண்டா? விடையளிப்பது தற்பெருமையாகுமா? நழுவுவது தாழ்ச்சியாகுமா? விளையாட்டு வினாக்களைச் சற்றுக் கனமாகவே எடுத்துக்கொண்டு சிந்திக்க விழைகிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் வசதியுள்ள இல்லங்களில் ஒரு பொழுதுபோக்குப் பரவியிருந்தது. அச்சிட்ட வினாக்களும் விடைக்கு வெற்றிடமும் கொண்ட ஏடு ஒன்றை வீட்டார் வைத்திருப்பர். வந்த விருந்தினர் அதில் தம் விருப்பு வெறுப்புகளை எழுதித் தருவர். அந்த ஏட்டுக்கு வழங்கிய பெயர் 'கன்பெஷன்ஸ்'. நம் முன்னோர் சொல்லில் சொன்னால் பாவசங்கீர்த்தனம்! அருட்சாதனத்தின் பெயரைக் கூடத்து விளையாட்டுக்குச் சூட்டிவிட்டார்களே என்று நாம் முகம் சுளிக்க வேண்டியதில்லை. தன்னைப் பற்றி ஒரு சொல் மெய்யாகச் சொல்வதும் கடினமான செயலே என்பதை அப்பெயர் வைத்தவர்கள் அறிந்தோ அறியாமலோ உணர்த்திவிட்டார்கள்.

கார்ல் மார்க்சுகூட 1865இல் தம் மகள்களின் விருப்பத்துக்கு இணங்கி இவ்விளையாட்டில் கலந்துகொண்டார். பிடித்த நிறம் சிவப்பு என்றார், அதில் வியப்பில்லை. பிடித்த உணவு மீன் என்றார். அவரது நண்பர் ஏங்கெல்ஸ் 1868இல் எழுதிய விடைகள் இன்னும் சுவையானவை. மகிழ்ச்சி எதுவென்ற வினாவுக்கு, 1848ஆம் ஆண்டின் புகழ்பெற்ற பிரெஞ்சுத் திராட்சை மது ஒன்றைக் குறிப்பிட்டார். ஐரோப்பா முழுவதும் புரட்சி வெடித்த ஆண்டும் அதுவே என்பதை நினைவில் கொண்டால் குறும்பு விளங்கும். துன்பம் எதுவென்றதற்குப் பல் மருத்துவரிடம் போவது என்றார். பொதுவுடைமைக் கொள்கையைப் பற்றி இவர்கள் எழுதிய தடித்த நூல்களைப் படித்தவர்கள் பலருண்டு. அவற்றில் காணாத ஒரு மனிதர், வீட்டுப் பெண்பிள்ளைகளுக்காக விளையாட்டாய் எழுதிய இந்த வரிகளில் எட்டிப் பார்க்கிறார்.

இவ்விளையாட்டுக்குப் பின்னாளில் பெயர் தந்தவர் பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் புரூஸ்ட். வினாக்களை இயற்றியவர் அவரல்லர். விடை எழுதியவர் மட்டுமே. பதின்ம வயதில், தம் தோழியும் பிற்காலத்தில் பிரான்சின் குடியரசுத் தலைவரான பெலிக்ஸ் போர் என்பவரின் மகளுமான அந்துவானெத்தின் ஏட்டில் அவர் எழுதினார். ஏறத்தாழ 1890இல் மற்றொரு முறை எழுதினார். முதல் ஏட்டுப் பக்கம் 2003இல் ஓர் இலட்சம் யூரோவுக்கு மேல் ஏலம் போயிற்று. விலை கிடக்கட்டும். துயரம் என்று எதனைக் கருதுகிறாய் என்ற வினாவுக்கு அந்தச் சிறுவன் எழுதிய விடை நம்மை நிறுத்துகிறது: அம்மாவைப் பிரிந்திருப்பது. ஏறத்தாழ இருபது வயதில் எழுதிய இரண்டாம் விடையில், தாயையும் பாட்டியையும் அறியாமலே போயிருந்தால் அதுவே பெருந்துயரம் என்றார். தாய் 1905இல் இறந்தார். 1913இல் வெளிவரத் தொடங்கிய அவரது பெருநாவல், இரவில் தாயின் முத்தத்துக்காக உறங்காமல் காத்திருக்கும் ஒரு சிறுவனின் நினைவோடு தொடங்குகிறது. ஏழு பாகங்களில் விரிந்த ஒரு வாழ்வின் வித்து, தோழியின் ஏட்டில் ஒற்றை வரியாய் முன்னரே கிடந்தது.

நம் நாட்டிலும் இவ்வழக்கம் இல்லாமலில்லை. பள்ளி இறுதி ஆண்டில் 'ஆட்டோகிராப்' நோட்டு கைமாறி வரும். பல வண்ணத் தாள்கள், மணக்கும் தாள் ஒன்றிரண்டு. பிடித்த நடிகர், பிடித்த பாடல், பிடித்த உணவு, பிடித்த தலைவர் என்று கட்டங்கள். அந்த நோட்டுகளைப் பத்திரப்படுத்தி வைத்திருப்போர் இன்று எடுத்துப் புரட்டட்டும். முன் பக்கத்தில் எழுதியவர் 'நீலம்' என்றால் அடுத்த நால்வருக்கும் நீலமே பிடித்திருக்கும். மறைக்கல்வி முகாம்களில் சுற்றிவந்த ஏடுகளோ இன்னும் ஒருபடி மேல். பிடித்த நூல் விவிலியம், பிடித்தவர் அன்னை தெரேசா என்று பக்கத்துக்குப் பக்கம். எழுதிய பிள்ளைகளில் சிலருக்கு மெய்யாகவே அப்படி இருந்திருக்கலாம். மற்றவர்களுக்கு அந்த வாரம் வந்த தொடர்கதையின் நாயகியே நெஞ்சில் நின்றிருப்பாள். ஆனால் நோட்டை அருட்சகோதரி புரட்டிப் பார்ப்பாரே!

இது பொய்யா? புனித தோமா அக்குவினா இதுபற்றி ஆழ்ந்து சிந்தித்திருக்கிறார். அவரது இறையியல் பெருநூலின் பெயர் 'சும்மா தியோலோஜிக்கா'. பெயரைக் கேட்டுச் சும்மா எழுதியது என்று எண்ணிவிட வேண்டாம். அதில், தன்னை உள்ளபடி காட்டுவதையே ஒரு நற்பண்பாக அவர் வைக்கிறார். அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி அதன் இருபுறமும் இரண்டு குற்றங்களை நிறுத்துகிறார். இல்லாததை இருப்பதாகக் காட்டுவது ஒன்று. அதைத் தற்புகழ்ச்சி என நாம் எளிதில் கண்டுகொள்கிறோம். உள்ளதை இல்லையென மறுத்துத் தன்னைக் குறைத்துக் காட்டுவது மற்றொன்று. இதையும் அவர் குற்றமென்றே சொல்வது நமக்கு வியப்பாயிருக்கும். தன்னைக் குறைத்துப் பேசுவதைத் தாழ்ச்சியின் அடையாளமாகவே கருதி வளர்ந்தவர்கள் நாம். அக்குவினாவோ நுட்பமாகப் பிரிக்கிறார். தன்னிடமுள்ள நன்மை முழுவதையும் வெளியிடாமல் குறைவாகச் சொல்வது உண்மைக்கு ஊறு செய்யாது. பெரியதனுள் சிறியது அடங்குமே. இருப்பதை இல்லவே இல்லை என்று மறுக்கும்போதுதான் உண்மை புண்படுகிறது. விளையாட்டாய்ச் சொல்லும் பொய்யும் பொய்யே, ஆயினும் சாவான பாவமன்று என்பது அவர் முடிவு. ஆகவே நீலம் என்று எழுதிய பிள்ளைகள் அஞ்ச வேண்டியதில்லை.

அதே நூலில் இன்னொரு செய்தியும் உண்டு. விளையாட்டுப் பேச்சுக்கும் ஒரு நற்பண்பு உண்டென்றும், தானும் மகிழாமல் பிறர் மகிழ்ச்சிக்கும் தடையாயிருப்பவன் குற்றமுள்ளவன் என்றும் அவர் எழுதுகிறார். சபையில் எல்லாரும் தத்தம் சிறுவயதுக் குறும்புகளைச் சொல்லிச் சிரிக்கும்போது, ஒருவர் மட்டும் "எனக்கு அப்படியெல்லாம் ஒன்றும் நினைவில்லை" என்று இறுக்கமாய் அமர்ந்திருப்பதை நாம் கண்டிருக்கிறோம். அவரது மௌனத்தைப் பெருந்தன்மை என்று கொள்ள நம்மால் இயலவில்லை.

ஆனால் எல்லா நழுவலும் ஒன்றன்று. நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் தாய் இறந்து முதல் ஆண்டு, கல்லறைத் திருநாள் வந்தது. அம்மாவுக்குப் பிடித்ததைச் சமைத்து நான்கு ஏழைகளுக்கு உணவளிப்போம் என்று பிள்ளைகள் கூடிப் பேசினர். மூத்தவர், அம்மாவுக்கு மீன் குழம்புதான் உயிர் என்றார். மகள், இல்லை, கொழுக்கட்டை என்றார். இளையவர் பூரியும் கிழங்கும் என்று அடித்துச் சொன்னார். ஒருவர் சொன்னதை மற்றவர் ஏற்கவில்லை. நெடுநேரம் கழித்து மருமகள்தான் மெல்லச் சொன்னார்: "நீங்கள் மூன்று பேரும் உங்களுக்குப் பிடித்ததைத்தானே சொல்கிறீர்கள்?" அம்மா ஒவ்வொருவருக்கும் எதை விரும்பிச் சமைத்தாரோ அதுவே அவரவர் நினைவில் அம்மாவின் விருப்பமாக நின்றுவிட்டது. நாற்பது ஆண்டுகள் அவர் கையால் உண்டவர்களில் ஒருவருக்கும் அவருக்கு எது பிடிக்கும் என்பது தெரியவில்லை. கேட்டபோதெல்லாம் "எனக்கு எதுவானாலும் சரி" என்றே அவர் சொல்லியிருந்தார். அடிக்கடி கேட்டார்கள் என்று சொல்வதற்குமில்லை.

அந்தத் தாயின் விடையை எந்தக் கணக்கில் வைப்பது? உள்ளதை மறுத்த குறையா? அல்லது அன்பின் முதிர்ச்சியா? இங்கேதான் நாம் தயங்குகிறோம். தம் விருப்பத்தைச் சொன்னால் பிள்ளைகளின் பங்கு குறையும் என்று தொடக்கத்தில் அவர் மறைத்திருக்கலாம். வறுமை இருந்த வீடு அது. காலப்போக்கில் பிள்ளைகள் உண்ணும்போது கண்ட மகிழ்ச்சியே அவருக்குச் சுவையாகி, வேறு விருப்பம் மெய்யாகவே இல்லாமற்போயிருக்கலாம். அப்படியானால் அவர் சொன்னது பொய்யன்று. தியாகம் என்று நாம் இதைப் பாராட்டிவிட்டு எழுந்து போகலாம். அன்னையர் நாள் கட்டுரைகள் அதைத்தான் செய்கின்றன. ஆயினும் அந்தப் பிள்ளைகள் அன்று பட்ட வேதனையை எண்ணினால் பாராட்டு மட்டும் போதவில்லை. ஒருவரின் விருப்பம் தெரிந்தால்தான் அவருக்கு ஒன்றை மனமறிந்து கொடுக்க முடியும். தாம் விரும்புவதைச் சொல்லாதவர், தம்மை நேசிப்பவர்களின் கையிலிருந்து அந்த வாய்ப்பை அறியாமலே வாங்கி வைத்துக்கொள்கிறார். குறை அவருடையதைவிடக் கேளாத பிள்ளைகளுடையது என்பதே நம் கருத்து. "எதுவானாலும் சரி" என்ற விடை வந்ததும் அத்தோடு விட்டுவிடுவது அவர்களுக்கு வசதியாக இருந்தது.

விடாமல் கேட்டதால் விளைந்த நன்மைக்குத் திருச்சபையில் ஓர் அழகிய சான்று உண்டு. 1894-95ஆம் ஆண்டின் குளிர்கால இரவொன்றில், பிரான்சின் லிசியே கார்மேல் மடத்தில், குழந்தை இயேசுவின் தெரேசா தம் அக்காமார் இருவரோடு அமர்ந்து சிறுவயது நிகழ்ச்சிகளைச் சுவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டு மகிழ்ந்த மூத்த அக்கா மரி, இவற்றை எழுதச் சொல்ல வேண்டும் என்று, அப்போது மடத்தின் தலைவியாயிருந்த இரண்டாம் அக்கா பவுலினிடம் வற்புறுத்தினார். தெரேசாவுக்கு அது வேடிக்கையாகவே பட்டது. ஆயினும் கீழ்ப்படிந்து எழுதினார். ஈராண்டுகளுக்குள், 1897 செப்டம்பரில், இருபத்து நான்காம் வயதில் இறந்தார். அந்த ஏடுகளைக் கொண்டு 1898இல் வெளிவந்ததே 'ஓர் ஆன்மாவின் வரலாறு'. 1997இல் அவர் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்டார். அன்றிரவு அக்காமார் கேட்டுச் சிரித்துவிட்டு உறங்கப் போயிருந்தால், சிறுமலரின் சிறுவயதை நாம் எங்கே படித்திருப்போம்?

இனி, இலேசான முகமூடி அணிந்த கனமான வினாக்களும் நம்மிடையே உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. "சும்மாதான் கேட்டேன், சம்பளம் எவ்வளவு?" "சும்மாதான் கேட்டேன், இன்னும் குழந்தை இல்லையா?" இவற்றைவிடக் கொடியது ஒன்று. "சொந்த ஊர் எது?" என்று தொடங்கி, "அங்கே எந்தத் தெரு?" என்று தொடர்ந்து, "எந்தக் கோவில் பக்கம்?" என்று முடிகிற வினாவரிசை. கேட்பவருக்கு ஊரின் மேல் அக்கறை ஒன்றும் இல்லை. சாதி தெரிய வேண்டும், அவ்வளவே. ஒரே நற்கருணை வாங்கும் நம் மக்களிடையேயும் இவ்வழக்கம் ஒழிந்தபாடில்லை. இத்தகைய வினாவுக்கு நழுவலான விடை தருபவர் எவ்விதத்திலும் உண்மைக்குப் பிழை செய்தவராக மாட்டார். விளையாட்டு வினாவின் இலக்கணம், விடை எதுவாயினும் கேட்டவர் நடத்தும் முறை மாறாது என்பதுதான். நீலம் என்றாலும் பச்சை என்றாலும் இலையில் பரிமாறும் சோறு ஒன்றே. தெருவின் பெயரைக் கேட்டவுடன் முகம் மாறுமானால், கேட்டது சும்மா அன்று.

முதியோர் இல்லங்களுக்குக் கிறிஸ்து பிறப்புக் காலத்தில் நம் பக்த சபையினர் போர்வையும் பழமும் கொண்டுசெல்வது வழக்கம். அங்கே கேட்கப்படுபவை பெரும்பாலும் மூன்றே வினாக்கள்: சாப்பிட்டீர்களா, மருந்து எடுத்தீர்களா, பிள்ளைகள் வந்தார்களா. மூன்றாவதைக் கேளாதிருப்பது நலம். ஒருமுறை உடன் வந்த இளம்பெண் ஒருத்தி ஒரு பாட்டியின் அருகில் அமர்ந்து, "சின்ன வயதில் உங்களுக்கு என்ன மிட்டாய் பிடிக்கும் பாட்டி?" என்று கேட்டாள். பாட்டி அவளை உற்றுப் பார்த்தார். இவள் எதற்குக் கேட்கிறாள் என்ற ஐயம் முகத்தில் தெரிந்தது. "சும்மாதான் கேட்டேன்" என்றாள் பெண். சற்று நேரம் ஒன்றும் பேசாதிருந்துவிட்டு, "கமர்கட்டு" என்றார் பாட்டி. அதன் பிறகு பேச்சு நிற்கவில்லை. தம்பிக்குத் தெரியாமல் அதை ஒளித்து வைத்த இடம், கடைக்காரரின் பெயர், காலணாவுக்கு எத்தனை கிடைக்கும் என்ற கணக்கு எல்லாம் வந்தன. "இப்போது கடிக்கப் பல் ஏது? வாயில் போட்டு ஒதுக்கிக்கொண்டால் அது பாட்டுக்குக் கரையும்" என்று முடித்தார்.

அடுத்த மாதம் போகுமுன், கமர்கட்டு விற்கும் கடை ஊரில் எங்கே இருக்கிறது என்று அந்தப் பெண் இரண்டு நாள் தேடி அலைந்தாள்.