உறங்குபவரின் அறை

திருவனந்தபுரம் கரமனையில் வீட்டு பிளான் வரைந்து கொடுப்பது என் தொழில். ஒரு கட்டத்துக்குள் 'பெட்ரூம்' என்று எழுதிவிட்டால் அது படுக்கையறை ஆகிவிடும் என்று வருகிறவர்களில் பலர் நினைக்கிறார்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு பேசுவதோ 'வாழத் தகுந்த அறை' பற்றி. படிக்க, உண்ண, உறங்க என்று மனிதர் நெடுநேரம் இருக்கும் அறை அது. வீட்டில் அப்படி ஒரே அறைதான் என்றால் 9.5 சதுர மீட்டர் பரப்பும் 2.4 மீட்டர் அகலமும் வேண்டும். இரண்டு இருந்தால் ஒன்று 7.5 சதுர மீட்டர் வரை சுருங்கலாம், அகலம் 2.1 மீட்டர். குளியலறை, சாமான் அறை, நடைவழி, நிலவறை, பரண் எதுவும் இந்தக் கணக்கில் சேராது.

ஜன்னலுக்கும் அளவு உண்டு. வறண்ட வெக்கை ஊரில் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு திறப்பு போதும். திருவனந்தபுரம் போல ஈரமும் புழுக்கமும் சேர்ந்த ஊருக்கு ஆறில் ஒரு பங்கு. கர்க்கடக மாத மழையில் கதவைச் சாத்திப் படுப்பவரின் மூச்சை யாரோ ஒருவர் நினைத்துப் பார்த்து எழுதிய விதி இது. எனக்கு இதன்மேல் மரியாதை உண்டு.

ஆனாலும் இந்த விதிகள் விழித்திருப்பவருக்கே முழுதும் பொருந்துகின்றன. புழுங்கினால் அவர் எழுந்து வெளியே போவார், பிடிக்காதவர் வந்தால் கதவைச் சாத்துவார். உறங்குபவரால் இரண்டும் முடியாது. தன்னைக் காத்துக்கொள்ளும் வேலையை அவர் அப்படியே கீழே வைத்துவிடுகிறார். அந்த நேரம் முழுக்க அதை எடுத்துச் செய்வது யார்? அளவுநாடாவை வைத்துக்கொண்டு இதற்கு விடை தேட முடியாது.

இந்த ஊரில் இருப்பவளுக்கு இந்தக் கேள்வி கோயில் வழியாகத்தான் வரும். எங்கள் ஊரின் தெய்வமான பத்மநாபர் படுத்திருக்கிறார். 1750 ஜனவரியில் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபருக்கு எழுதிக் கொடுத்து, அவருடைய தாசனாக ஆண்டார். மூன்று வாசல்கள் வழியாகத்தான் அந்த நீண்ட திருமேனியைப் பார்க்க முடியும்: ஒன்றில் முகம், ஒன்றில் நாபிக்கமலம், ஒன்றில் பாதம். அது யோகநித்திரை, உலகத்தைக் கவனித்துக்கொண்டே கிடக்கும் கிடை என்பார்கள் பெரியவர்கள். பத்மநாபபுரம் அரண்மனையின் நான்கு நிலை உப்பரிகை மாளிகையில், சுவரெல்லாம் சித்திரம் தீட்டிய உச்சி அறையைப் பெருமாளின் பள்ளியறையாக ஒதுக்கியிருக்கிறார்கள். மூலிகை மரக் கட்டிலில் படுத்த அரசரின் அறை அதற்குக் கீழே.

உறங்காதவருக்கு எதற்குப் பள்ளியறை? கேரளக் கோயில் உற்சவங்களில் பள்ளிவேட்டை என்னும் வேட்டைச் சடங்கு முடிந்த இரவைப் பார்த்தவர்களுக்கு விடை தெரிந்திருக்கும். வேட்டை முடிந்து திரும்பிய உற்சவ மூர்த்தியை மண்டபத்தில் கிடத்தி, முளைப்பாலிகைகளைச் சுற்றி வைப்பார்கள். பள்ளிக்குறுப்பு என்று அதற்குப் பெயர். அத்தனை நாளும் அதிர்ந்த செண்டை அப்போது ஒலிக்காது. காலையில் பசுவும் கன்றும் கண்முன் நிற்கத்தான் பள்ளியெழுச்சி. மண்டபம் எந்த விதிப்படியும் படுக்கையறை ஆகாது, நாலு பக்கமும் திறந்து கிடக்கிறது. ஊர் முழுக்க வாய்பொத்தி நிற்பதால் அந்த ஓர் இரவுக்கு அது அறை ஆகிறது. (பத்மநாபரின் ஆறாட்டு ஊர்வலம் விமான ஓடுபாதை வழியாகச் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும்போது விமானங்களே காத்திருக்கும் ஊர் இது. அடங்கி நிற்பது எங்களுக்குத் தெரியாததல்ல.)

தெய்வத்துக்கு உறக்கம் தேவையில்லை. உறங்கும் ஒருவர் அருகில் எப்படி நிற்பது என்று நாம் பழக வேண்டும், அதற்காகவே அது நம் கையில் தன்னை ஒப்படைத்துப் படுக்கிறது என்று நான் நம்புகிறேன். சுற்றி இருப்பவர்களின் அடக்கமே ஓர் இடத்தைப் படுக்கையறை ஆக்குகிறது. சுவர் அந்த அடக்கத்துக்கு உதவி செய்கிறது, அவ்வளவுதான்.

நீதிமன்றமும் ஒருமுறை இந்த எண்ணத்தின் அருகில் வந்தது. 2011 ஜூன் 4 நள்ளிரவில் டெல்லி ராம்லீலா மைதானத்தில் போராட்டத்துக்கு வந்து உறங்கிக்கொண்டிருந்த கூட்டத்தின்மேல் போலீஸ் பாய்ந்தது. மறுவருடம் பிப்ரவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் நீதிபதி பி.எஸ்.சௌஹான், உறக்கத்தை உயிர்வாழும் உரிமையோடு சேர்த்து வைத்து எழுதினார். அங்கே அறை இல்லை, வானத்தின் கீழ் பந்தல்தான். உரிமை உறங்கியவர்களைச் சேர்ந்தது. அப்படியானால் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் பையைத் தலைக்கு வைத்துப் படுப்பவரைத் தட்டி எழுப்பும் கையும் அந்த உரிமைக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

வீட்டுக்குள்ளும் இந்தக் கேள்வி எழுகிறது. "சேச்சி, அது ஸ்டோர்னே இருக்கட்டும். ஜோலிக்கு நிக்கற அம்மா ராத்திரி அங்கே படுத்துப்பாங்க" என்று சிலர் சொல்கிறார்கள். அவர்கள் நல்லவர்கள்தான், கொடுமைக்காரர்கள் இல்லை. நான் கேட்பேன்: ராத்திரி யாராவது அரிசி எடுக்க அந்தக் கதவைத் திறப்பீர்களா? அந்த அம்மா உள்ளே தாழ் போட்டுக்கொள்ளலாமா? பலர் இந்தக் கேள்வியில் நின்று யோசிக்கிறார்கள்.

சமீபத்தில் ஒரு குடும்பம் சாமான் அலமாரியைச் சமையலறைப் பக்கம் மாற்றச் சொன்னது. அப்போதும் அறை 7.5 சதுர மீட்டரை எட்டவில்லை. அதனால் பிளானில் 'ஸ்டோர்' என்றுதான் எழுத முடிந்தது. ஜன்னலை மட்டும் ஆறில் ஒரு பங்குக்குக் குறையாமல் வரைந்தேன். கதவுக்கு உள்தாழ்ப்பாள் வைக்க ஆசாரியிடம் சொல்லியிருக்கிறார்கள்.