ராஜ வீதியும் நீர்க்கடனும்

தன் குலத்தின் வேரைத் தேடிப் புறப்படும் மனிதன் உண்மையில் எதைத் தேடுகிறான், தேடியது கிட்டியபின் அவனுக்கு என்ன கடமை நேர்கிறது என்னும் விசாரம், தரங்கம்பாடியின் ராஜ வீதியில் நிற்கும் ஒருவனுக்கு வெறும் தர்க்கமாக இருப்பதில்லை. நகர வாயிலைக் கடந்து கடலை நோக்கிச் செல்லும் அவ்வீதியில் 1701-இல் எழுந்த சீயோன் ஆலயமும், 1718-இல் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் கட்டி முடித்து அடுத்த ஆண்டே தாம் அடக்கமான புதிய எருசலேம் ஆலயமும் நிற்கின்றன. தஞ்சை ரகுநாத நாயக்கரின் சம்மதத்தோடு 1620-இல் டேனிஷ்காரர் எழுப்பிய கோட்டையும், பாண்டியர் காலத்தில் கட்டப்பெற்று அலையால் அரிக்கப்பட்டு மிஞ்சிய மாசிலாமணிநாதர் கோயிலும் கடற்கரையில் இருக்கின்றன. ஒரே காற்றில் இத்தனை பரம்பரைகள் சேர்ந்து வாழ்ந்த ஊரில், இது என் வமிசம் என்று ஓர் இழையை மட்டும் தனியே பிரித்தெடுப்பது எளிதன்று.

என் தாய்வழியில் ஒரு கிளை இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே இவ்வூரில் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்டது என்று பாட்டி சொல்வதுண்டு. சொல்லும்போது அவர் குரலில் இருந்தது கோபமன்று, பந்தியிலிருந்து எழுந்துபோய்த் திரும்பாத ஒருவரைப் பற்றிய ஏக்கம். ஞானஸ்நான நீர் ரத்த பந்தத்தைக் கழுவிவிடுமா? கடலூரில் பிறந்த ஆறுமுகம் என்பவர் 1718-இல் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனார். 1733-இல் குருப்பட்டம் பெற்று லுத்தரன் சபையின் முதல் தமிழ்ப் போதகரானார். நாமம் மாறியது, தெய்வ வழிபாடு மாறியது. ஆனால் ஆறுமுகத்தைப் பெற்ற தாய் தந்தையரே ஆரோனுக்கும் தாய் தந்தையர், அவ்விருவருக்கும் அவர் பட்ட கடன் எந்தச் சடங்காலும் வேறொருவர் கணக்குக்கு மாறிவிடக் கூடியதன்று என்பதே என் அபிப்பிராயம்.

நம் சாஸ்திரம் இவ்விஷயத்தில் வியக்கத்தக்க நிதானம் காட்டுகிறது. தர்ப்பணத்தில் தந்தை, பாட்டன், முப்பாட்டன் ஆகிய மூவரை வசு, ருத்ர, ஆதித்ய ரூபமாகப் பெயர் சொல்லி அழைக்கிறோம். சபிண்டீகரணத்தில் புதிதாக மாண்டவர் பிதிர்களோடு சேர்க்கப்படும்போது, மூன்று தலைமுறைக்கு அப்பாற்பட்டவர் அவ்வரிசையிலிருந்து நீங்கிவிடுகிறார். இது மறதிக்கு அளித்த அனுமதி என்று சிலர் கருதலாம். எனக்கோ, முகம் கண்டவர்களும், முகம் கண்டவர்கள் வாயிலாகக் கேள்விப்பட்டவர்களும் இருக்கும் எல்லை வரையில்தான் ஸ்மரணை மெய்யான அன்பாக இருக்க முடியும், அதற்கு மேல் சென்றால் அன்பு குறைந்து அபிமானம் தலைதூக்கும் என்று அறிந்தே முன்னோர் அந்த வரம்பை இட்டதாகத் தோன்றுகிறது.

அபிமானம் எவ்வளவு ஆதாரமற்றது என்பதைச் சாதாரணக் கணக்கே காட்டிவிடும். பெற்றோர் இருவர், அவர்தம் பெற்றோர் நால்வர் என்று இரட்டித்துக்கொண்டே போனால் பத்தாம் தலைமுறையில் 1024 பேர் நிற்கிறார்கள். காலத்தால் பார்த்தால் அது ஏறக்குறைய சீகன்பால்கு 1706-இல் கரையிறங்கிய நாட்களாகும். அத்தை மகளையும் மாமன் மகளையும் மணக்கும் நம் வழக்கத்தால் ஒருவரே பல இடங்களில் அமர்ந்திருப்பார், ஆகையால் தொகை குறையும். ஆயினும் அத்தனை பேரில் ஆண்வழியில் வந்த ஒரே ஒருவரைச் சுட்டி, இவரே என் குலமுதல் என்று மார்தட்டுகிறோம். மற்ற நூற்றுக்கணக்கானோர் யார்? வலை இழுத்தவரும், நெசவு நெய்தவரும், பிரசவத்தில் மாண்டு பெயர்கூட எவராலும் எழுதிவைக்கப்படாத பெண்களும் அவர்களில் உண்டு. நம் உடலில் அவர்களுடைய பங்கு குலமுதல்வருடைய பங்குக்கு அணுவளவும் குறைந்ததன்று.

இவ்வீதியின் மிஷன் சரித்திரத்தில் என் மனத்தை மிகவும் உருக்குவது 1707, மே 12 அன்று நடந்தது. சீகன்பால்கு ஐயர் முதன்முதலாக ஞானஸ்நானம் கொடுத்த ஐவர், டேனிஷ் எஜமானர்களின் அடிமைகள். விலைச்சீட்டில் சரக்காகக் குறிக்கப்படும் அடிமைக்குக் கொடிவழி ஏது? தாய் ஓரிடத்திலும் பிள்ளை ஓரிடத்திலும் விற்கப்பட்ட பிறகு, தந்தை பெயர் கேட்பவரும் இல்லை, சொல்பவரும் இல்லை. அந்த ஐவரும் ஒரு பெரிய சபையின் முதல் மக்களாக நின்றார்கள். ஆயினும் தம் வமிசத்தை விசாரித்துக்கொண்டு இவ்வூருக்கு வருகிறவர்கள் போதகரையும், துபாஷியையும், கணக்கரையும் முன்னோராகக் காண விரும்புகிறார்களே யன்றி, அந்த ஐவரில் ஒருவரைக் காண விரும்புவோரை நான் சந்தித்ததில்லை. அந்தச் சபையினுள்ளும் சாதி தன் இடைவெளியை விடாமல், ஆலயத்தில் தனித்தனியே உட்கார்ந்தது என்பதையும் துக்கத்தோடு சொல்லவேண்டியிருக்கிறது.

இங்கே இன்னொரு செய்தியும் நினைவுக்கு வருகிறது. தமிழரை மதம் மாற்ற வந்த அதே ஐயர், நம் தெய்வங்களுக்கே ஒரு வமிசாவளியை 1713-இல் எழுதினார். 1867-இல் சென்னையில் அச்சேறும் வரையில் அது கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தது. சிவனையும் விஷ்ணுவையும் எழுதியதோடு நில்லாமல் ஐயனாருக்கும் மாரியம்மனுக்கும் அதில் இடம் அளித்தார் என்பதை நினைக்கும்போது, நம்மவர் பலர் தம் வமிசத்தை எழுதுகையில் தாழ்ந்தவர் என்று கருதி விட்டுவிடும் பெயர்களுக்காக வெட்கப்பட வேண்டியிருக்கிறது.

தர்ப்பணத்தின் முடிவில், தாயும் தந்தையும் இல்லாதவர், நண்பரும் சுற்றமும் இல்லாதவர் ஆகிய அனைவருக்கும் என்று சொல்லி ஒருமுறை நீர் விடும் சம்பிரதாயம் இருக்கிறது. அவசரக்காரர்கள் அதை ஓர் இணைப்பாகக் கருதி முணுமுணுத்து முடித்துவிடுகிறார்கள். நானோ, முன் சொன்ன பெயர்களெல்லாம் இதற்குப் பீடிகை என்றே எண்ணுகிறேன். கல்லறைத் திருநாளில் தம்மவர் சமாதிக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, பக்கத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் சமாதியின் புல்லையும் செதுக்கிவிட்டுப் போகும் கிறிஸ்தவ மூதாட்டியும் இதே கடனைத்தான் தம் வழியில் செலுத்துகிறார். மாண்டவர் கடவுளின் கையில் இருக்கிறார், உயிரோடிருப்பவர் கொடுக்க வேண்டியது ஒன்றுமில்லை என்பதே சீகன்பால்கு ஐயரின் சபைக் கொள்கை. ஆகையால் அந்த ஐவர் என் எள்ளையும் நீரையும் வேண்டியிருக்கமாட்டார்கள். இருந்தும் ஆடி அமாவாசையில் அந்தக் கடைசி நீரை விடும்போது அவர்களை நினைத்தே விடுகிறேன், வேதத்தில் சேர்ந்துபோன பாட்டியின் உறவினரையும் சேர்த்தே.